செயலியை எப்போது மாற்றுவது? – ஒரு வரலாற்றுப் பார்வை

கணினியில் விளையாடுவோர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுள் மிகப் பழையது, ‘செயலியை இப்போதே மாற்றிவிடலாமா, இன்னும் சிறிது காலம் பொறுக்கலாமா’ என்பது. கடைக்காரரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய சிறிய ஐயம் போல இது தோன்றினாலும் இதற்கென்று ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு காலகட்டத்திலும் இதற்கான சரியான விடை வேறாக இருந்திருக்கிறது. ஒரு காலத்து விடையை அடுத்த காலத்துக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் பணத்தை இழந்திருக்கிறார்கள். தமிழ் இலக்கியம் பயின்றவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உரையாசிரியர்களைப் படித்த பழக்கம்தான் காரணம். ஒரே சொல் காலந்தோறும் பொருள் மாறி வருவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, ‘வேகம்’ என்னும் சொல் இத்துறையில் நாற்பது ஆண்டுகளுக்குள் எத்தனை முறை பொருள் மாறியிருக்கிறது என்பது சுவையான செய்தி.

தொடக்கத்தில் வேகம் ஒரு குற்றமாக இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட கணினியில் இன்டெல் 8088 செயலி இருந்தது. அதன் கடிகார வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அக்கால விளையாட்டுகள் பலவற்றுள் காலத்தை அளக்கத் தனி ஏற்பாடு கிடையாது. ஒரு சுழற்சியைச் செயலி எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விளையாட்டின் தாளம். அதே விளையாட்டைச் சில ஆண்டுகள் கழித்து வந்த வேகமான கணினியில் இட்டால் எதிரிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து வந்தனர். ஆட்டக்காரர் விசையைத் தொடுமுன்பே ஆட்டம் முடிந்தது. இதற்காகவே எண்பதுகளின் நடுவிலிருந்து கணினிப் பெட்டிகளின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இடம்பெற்றது. பெயர் வேகத்தைச் சொன்னாலும் அதன் பயன், பழைய நிரல்களுக்காகக் கணினியை வேண்டுமென்றே மெதுவாக்குவதுதான். எனவே அன்று செயலியை மாற்றுவது என்றால், கையிலிருக்கும் விளையாட்டுகளை ஓரளவு இழக்கத் துணிவது என்றும் பொருள்.

இந்நிலையை மாற்றிய விளையாட்டு, 1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’. ஜான் கார்மாக் எழுதிய அதன் வரைகலை இயந்திரம், அதிகபட்சம் 320க்கு 200 என்னும் அளவில், அதாவது 64,000 புள்ளிகளில், நொடிக்கு 35 முறை காட்சியைத் தீட்டக்கூடியது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 22 இலட்சம் புள்ளிகளுக்கு மேல் வரும். தனி வரைகலைச் செயலி இல்லாத காலம் அது. ஒவ்வொரு புள்ளியையும் மையச் செயலியே கணக்கிட வேண்டும். 386 செயலியில் டூம் ஓடும். ஆனால் காட்சிச் சதுரத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக்கொண்டால்தான் சீராக ஓடும். 486 இருந்தால் திரை முழுவதும் விரித்து ஆடலாம். இவ்வாறு முதன்முறையாகப் பெரும்பான்மையோர் ஒரு விளையாட்டுக்காகச் செயலியை மாற்றுவது பற்றி எண்ணத் தொடங்கினர்.

அப்போதே ஒரு நுட்பமான பொறியும் இருந்தது. 486 இரு வகையாக விற்கப்பட்டது. டிஎக்ஸ் வகையில் தசமக் கணக்குகளைச் செய்யும் தனிப்பகுதி உண்டு. 1991இல் வந்த மலிவான எஸ்எக்ஸ் வகையில் அது இல்லை. கார்மாக்கின் நிரலோ தசமக் கணக்கைத் தவிர்த்து முழு எண்களைக் கொண்டே அனைத்தையும் முடித்தது. ஆகவே, ஒரே கடிகார வேகத்தில் டூம் ஆடுவதற்கு எஸ்எக்ஸே போதும். கூடுதல் பணம் கொடுத்து டிஎக்ஸ் வாங்கியவர் அந்த விளையாட்டில் பெற்ற பயன் ஏதுமில்லை. செயலி ‘உயர்ந்ததா’ என்று கேட்பதைவிட, விளையாட்டு அதனிடம் எந்த வேலையைக் கேட்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை என்பதற்கு இது முதல் சான்று.

இரண்டாம் சான்று மூன்றே ஆண்டுகளில் நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1996 ஜூனில் அதே நிறுவனத்தின் ‘குவேக்’ வெளியானது. இதில் கார்மாக்குடன் மைக்கேல் ஆப்ரஷ் சேர்ந்திருந்தார். இவர்கள் பென்டியம் செயலியின் உள்ளமைப்பை நன்கறிந்து நிரல் எழுதினர். தொலைவுக்கேற்பச் சுவரோவியங்கள் சரியாகச் சுருங்கித் தெரிய வேண்டுமானால் வகுத்தல் கணக்கு தேவை. வகுத்தலோ செயலிக்கு மிக மெதுவான வேலை. பென்டியத்தில் தசமப் பகுதி ஒரு வகுத்தலில் மூழ்கியிருக்கும்போதே முழு எண் பகுதி வேறு வேலையைத் தொடர முடியும். எனவே 16 புள்ளிகளுக்கு ஒரு வகுத்தல் என வைத்து, முந்தைய 16 புள்ளிகளைத் தீட்டும் நேரத்திலேயே அடுத்த வகுத்தலும் முடியுமாறு அமைத்தனர். ஒரு கை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ, மறு கை பாக்கு வெட்டுவது போன்ற ஏற்பாடு.

இதில் அடிபட்டது சைரிக்ஸ் நிறுவனம். அதன் 6எக்ஸ்86 செயலி அலுவலகப் பணிகளில் பென்டியத்தை விஞ்சியது. 133 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லுக்கு, ‘பென்டியம் 166க்கு நிகர், அதற்கும் மேல்’ என்னும் பொருளில் 166+ என்று பெயரிட்டு விற்றனர். முழு எண் கணக்கைப் பொறுத்தவரை அது பொய்யுமன்று. ஆனால் அதன் தசமப் பகுதி மெதுவானது. குவேக்கில் அது பென்டியத்திடம் வெகுவாகப் பின்தங்கியது. டூமை மனத்தில் வைத்து 1996இல் சைரிக்ஸ் வாங்கியவருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். நேற்றைய விளையாட்டின் கணக்கு நாளைய விளையாட்டுக்குப் பொருந்தாது போயிற்று.

அதே 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டைகள் வந்து புள்ளி தீட்டும் வேலையைச் செயலியிடமிருந்து பெற்றுக்கொண்டன. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256, வடிவங்களை இடம்பெயர்த்து ஒளியூட்டும் கணக்குகளையும் எடுத்துக்கொண்டது. இதன் பிறகு கேள்வி இரண்டாகப் பிளந்தது: மாற்ற வேண்டியது செயலியா, வரைகலை அட்டையா? இன்றும் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். அதைப் பின்னர் பார்ப்போம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, சிக்கனக்காரர்களின் பொற்காலம். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கிக் கணினியை ‘அசெம்பிள்’ செய்த தலைமுறைக்கு அக்காலத்துச் செயலிப் பெயர்கள் இன்னும் நினைவிருக்கும். அவற்றுள் தலையாயது 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் தடத்தை நாலரை மடங்காக்கி 300இல் ஓடும் மலிவுச் சில்லு அது. தடத்தை 100க்கு உயர்த்தினால் அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும். பெரும்பாலான சில்லுகள் அதைத் தாங்கின. அதே மாதத்தில் அதே 450 மெகாஹெர்ட்ஸில் வந்த பென்டியம் 2 பல மடங்கு விலை. செலரானின் இடைநினைவகம் 128 கிலோபைட் மட்டுமே என்றாலும் செயலியின் முழுவேகத்தில் இயங்கியது. பென்டியம் 2இன் 512 கிலோபைட் பாதி வேகத்தில்தான் இயங்கியது. விளையாட்டுகளில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு தெரியவில்லை.

இருப்பினும் அக்காலத்தை ஆண்டது நாட்காட்டிதான். 1995 ஜூனில் பென்டியம் 133 மெகாஹெர்ட்ஸ். 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டியின் ஆத்லான் 1000 மெகாஹெர்ட்ஸை எட்ட, இரண்டே நாளில் இன்டெல்லும் எட்டியது. ஐந்தாண்டு நிறையுமுன் ஏழரை மடங்கு. சில்லிலுள்ள டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965இல் எழுதியதும், 1975இல் அதை இரண்டாண்டு என்று திருத்திக்கொண்டதும் பலரும் அறிந்தவை. வேகத்துக்குப் பதினெட்டு மாதம் என்பது வழக்கில் நிலைத்துவிட்ட கணக்கு. இத்தகைய உலகில் காத்திருப்பவன் எப்போதும் ஆதாயம் அடைகிறான். ஆனால் காத்திருந்துகொண்டே இருந்தால் ஆடுவது எப்போது?

1999இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானியலாளர்கள் சிலர் இந்தப் புதிரைப் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் ஒரு கட்டுரையில் தீர்த்தனர். பதினெட்டு மாதத்தில் வேகம் இரட்டிக்குமானால், 26 மாதங்களுக்கு மேல் ஓட வேண்டிய கணக்கை இன்றே தொடங்கக் கூடாது. சோம்பியிருந்து, பிறகு புதிய கணினி வாங்கித் தொடங்கினால் முன்னதாகவே முடிந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. முல்லைத்திணைக்கு இருத்தலை உரிப்பொருளாக வைத்த நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். ஆனால் விளையாட்டு அத்தகைய கணக்கன்று. அது முடிக்க வேண்டிய வேலையல்ல. இன்று மாலை ஆடாத ஆட்டம் ஆடாததுதான். ஆகவே அக்காலத்தவர், வேகம் இரு மடங்கானதும் மாற்று என்னும் எளிய விதியைக் கைக்கொண்டனர். அக்காலத்துக்கு அது சரியான விதியே.

அந்த உலகம் 2004இல் முடிந்தது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கேற்ப மின்னழுத்தமும் குறையும், ஆகவே சூடு பெருகாது என்பது 1974இல் ராபர்ட் டென்னார்டு முதலியோர் காட்டிய உறவு. முப்பதாண்டுகள் அது துணைநின்றது. பின்னர், மிகச் சிறுத்துவிட்ட டிரான்சிஸ்டர்களிலிருந்து மின்சாரம் கசியத் தொடங்க, மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாது போயிற்று. 2004 பிப்ரவரியில் வந்த ‘பிரெஸ்காட்’ பென்டியம் 4 அடுப்பு என்று ஏளனம் செய்யப்பட்டது. அதன் வாரிசான ‘டேஹாஸ்’ அதே ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட்டது. அம்மாதம் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல் தலைவர் கிரேக் பாரெட் மண்டியிட்டு மன்னிப்புக் கோரினார். வேடிக்கையாகத்தான் செய்தார். ஆனால் ஒரு தொழிற்புரட்சியின் ஓர் இயல் முடிந்ததற்கு அதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

இதன்பின் நிறுவனங்கள் ஒரு சில்லுக்குள் பல கருக்களை வைத்து விற்றன. விளையாட்டு நிரல்களோ ஒரே இழையில் ஓடிப் பழகியவை. ஒரு வேலையில் பாதியைப் பகிர்ந்து செய்ய முடியாதென்றால், எத்தனை கரு இருந்தாலும் இரு மடங்குக்கு மேல் வேகம் கூடாது என்பது 1967இல் ஜீன் ஆம்டால் உணர்த்தியது. 2007 நவம்பரில் வந்த ‘கிரைசிஸ்’ இந்த மாறுதல் காலத்தின் நடுவில் அகப்பட்ட விளையாட்டு. ஒற்றை இழையின் வேகத்தை அது பெரிதும் நம்பியிருந்ததால், பல ஆண்டுகள் கழித்து வந்த செயலிகளும் சில காட்சிகளில் அதன் முன் திணறின.

2011 ஜனவரியில் இன்டெல் ‘சேண்டி பிரிட்ஜ்’ வரிசையை வெளியிட்டது. அதிலிருந்த கோர் ஐ5 2500கே, கோர் ஐ7 2600கே ஆகிய இரண்டும் செயலி வரலாற்றில் தனி இடம் பெற்றவை. வாங்கியவர்கள் ஐந்து, ஆறு, சிலர் எட்டு ஆண்டுகள்கூட அவற்றை மாற்றவில்லை. மாற்றக் காரணம் எழவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஏஎம்டி கொண்டுவந்த ‘புல்டோசர்’ தோல்வியுற்றதால் இன்டெல்லுக்குப் போட்டியில்லை. 2017 ஜனவரியில் வந்த 7700கே வரை நான்கு கருக்களே தொடர்ந்தன. மற்றொரு காரணம் அதிகம் பேசப்படாதது. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4இல் எட்டுக் கருக்கள் இருந்தாலும் அவை 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ‘ஜாகுவார்’ என்னும் வலுக்குறைந்த வகை. பெரிய விளையாட்டுகள் யாவும் அந்தப் பெட்டியிலும் ஓடும்படி எழுதப்பட்டன. ஆகவே மேசைக்கணினிச் செயலிக்கு ஏழாண்டுகள் ஓய்வு கிடைத்தது. கணினி விளையாட்டுக்காரரின் செலவைத் தீர்மானித்தது பெரும்பாலும் அவர் வாங்காத ஒரு பெட்டி என்பது விந்தை.

இந்த இரு செயலிகளின் பிற்கால வாழ்க்கையும் கவனிக்கத்தக்கது. வெளியானபோது 2500கே 216 டாலர், 2600கே 317 டாலர். இரண்டிலும் நான்கு கருக்களே. பின்னதில் ஒவ்வொரு கருவும் இரு இழைகளை ஏற்கும். அன்றைய விளையாட்டுகளில் அதனால் பயனில்லை, நூறு டாலர் வீண் என்று விமர்சகர்கள் எழுதினர். அன்று அது உண்மையே. ஆனால் எட்டுக் கருக்களுக்கு எழுதப்பட்ட விளையாட்டுகள் பெருகியபோது முதலில் மூச்சு வாங்கியது 2500கே. 2600கே மேலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. டூம் காலத்தில் டிஎக்ஸுக்குக் கொடுத்த கூடுதல் பணமும் குவேக் வந்ததும் இவ்வாறே ஓரளவு பயன்பட்டிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அதற்குள் 486ஏ பழையதாகிவிட்டது. கூடுதல் பணம் பலன் தருவது, காலம் மெதுவாக நகரும்போதுதான்.

நாட்காட்டி பயனற்றுப்போனதும் அளவை தேவைப்பட்டது. நொடிக்குச் சராசரியாக எத்தனை காட்சிச் சட்டங்கள் என்பதே அதுவரை வழக்கிலிருந்த அளவு. 2011இல் ‘டெக் ரிப்போர்ட்’ இதழின் ஸ்காட் வாசன், ஒரு நொடிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நொடிக்கு 60 சட்டம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி. சராசரி 60 இருந்தும் இடையில் ஒரு சட்டம் மட்டும் 100 மில்லிநொடி எடுத்தால் கண் அதைத் தடுக்கலாகவே உணரும். சராசரியோ அதை மறைத்துவிடும். இன்று விமர்சனங்களில் காணும் ‘ஒரு சதவீதத் தாழ்வு’ என்னும் எண் இந்தச் சிந்தனையின் வழிவந்தது. செயலியின் தளர்ச்சி பெரும்பாலும் சராசரியில் தெரியாமல் இத்தகைய தடுக்கல்களில்தான் முதலில் தலைகாட்டும்.

செயலியா அட்டையா என்ற கேள்விக்கு வருவோம். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அச்சகத்தை நினைவூட்டினால் எளிதில் விளங்கும். செயலி அச்சுக்கோப்பவர், வரைகலை அட்டை அச்சு இயந்திரம். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எதில் பட்டது, திரையில் எவையெவை தெரிய வேண்டும் என்று பக்கத்தைக் கோத்துக் கொடுப்பது செயலி. அதை வாங்கிப் பதிப்பது அட்டை. திரையின் புள்ளியளவைக் கூட்டுவது தாளைப் பெரிதாக்குவது போன்றது. இயந்திரத்துக்குச் சுமை கூடும், கோப்பவருக்கு ஏறத்தாழ அதே வேலைதான். ஆகவே சோதனை எளிது. சட்ட வரம்பையும் திரை ஒத்திசைவையும் நீக்கிவிட்டு, புள்ளியளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் நன்கு கூடினால் இதுவரை தடையாக இருந்தது அட்டை. கூடாமல் அப்படியே நின்றால் கோப்பவர் களைத்துவிட்டார். செயலியை மாற்றும் வேளை அது.

என் மாணவர் ஒருவர், விடுதியில் தங்கிப் படிப்பவர், இரண்டு கோடை விடுமுறைகளில் வேலை செய்து சேர்த்த பணத்தில் செயலி, தாய்ப்பலகை, நினைவகம் மூன்றையும் மாற்ற இருந்தார். அவர் வீட்டு நிலைமைக்கு அது சிறு தொகையன்று. ஒரு பருவத் தேர்வுக் கட்டணமும் விடுதிச் செலவும் அதில் அடங்கும். மேற்சொன்ன சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னேன். 1080 அளவில் 48 சட்டங்கள் தந்த விளையாட்டு 720இல் 85 தந்தது. அவருடைய பழைய செயலி 85 வரை கோத்துக் கொடுக்க வல்லதாகவே இருந்தது. பிறர் பயன்படுத்திய அட்டை ஒன்றை வாங்கி மாற்றிக்கொண்டார். செலவு மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. விளம்பரங்கள் இந்தச் சோதனையை ஒருபோதும் சொல்வதில்லை என்பதில் வியப்பில்லை.

அவர் மூன்றையும் மாற்ற எண்ணியதற்குக் காரணம் உண்டு. இன்டெல் சில ஆண்டுகளுக்கொருமுறை பொருத்துவாயை மாற்றிவந்தது: 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் 1151 என்றே பெயர். ஆனால் பழைய பலகையில் அது இயங்காது. ஏஎம்டி வேறு வழியில் சென்றது. 2017 மார்ச்சில் ரைசனோடு பரவலான ஏஎம்4 பொருத்துவாய் பல தலைமுறைகளைத் தாங்கியது. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கா என்று அறிவித்தபோது பயனர்கள் கொதித்தெழவே, அதே மாதத்தில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியோடு ‘வேகம்’ மீண்டும் பொருள் மாறியது. முந்தைய 5800எக்ஸைவிட இதன் கடிகாரம் மெதுவானது, அதிகபட்சம் 4.7க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் சில்லின் மேல் மற்றொரு சில்லை அடுக்கி இடைநினைவகத்தை 32இலிருந்து 96 மெகாபைட்டாக ஆக்கியிருந்தனர். விளையாட்டின் தரவுகள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பவை. ஒன்றைத் தேடி முதன்மை நினைவகம் வரை சென்று வரச் செயலி நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகளை இழக்கிறது. தேடுவது கையருகே இருந்தால் மெதுவான செயலியும் முந்திவிடும். அலுவலகப் பணிகளில் பெரிய மாற்றமில்லை. பல விளையாட்டுகளிலோ தாவல். ஐந்தாண்டுப் பழைய பலகையை வைத்திருந்தவர் சில்லை மட்டும் மாற்றி இதைப் பெற முடிந்தது. என் பார்வையில், செலவிட்ட பணத்துக்குச் செலரான் 300ஏவுக்குப் பிறகு விளையாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பு இதுதான்.

இதற்கிடையே 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 எட்டு வலுவான ‘ஜென் 2’ கருக்களோடு வந்து, மேசைக்கணினிச் செயலியின் நீண்ட ஓய்வை முடித்துவைத்தது. நான்கு கருச் செயலிகள் தடுமாறத் தொடங்கின.

அண்மைக்காலத்தில் புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. விளையாட்டும் கேட்காமல், அளவையும் காட்டாமல், செயலியை மாற்றும் நிலை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கும் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தையவற்றை ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் முதன்மைச் செயலியாக விற்ற 7700கேயும், அவ்வாண்டு மார்ச்சில் 499 டாலருக்கு விற்ற ரைசன் 7 1800எக்ஸும் பட்டியலுக்கு வெளியே. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. தனியாருக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செயலியைப் பட்டியலில் பெயரில்லை என்பதற்காகக் கழிப்பது நியாயமா என்று கேட்பவர்கள் பக்கமே நான். அவர்களுள் சிலர் லினக்ஸுக்கு மாறிப் பழைய கணினியிலேயே ஆடுகிறார்கள். எனினும் ஏமாற்றுத் தடுப்பு நிரல்களைக் கொண்ட இணைய விளையாட்டுகள் பல அங்கே ஓடுவதில்லை.

புதிய பலகைக்கு மாற எண்ணுவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏஎம்5 பலகைகளுக்கு டிடிஆர்5 நினைவகம் தேவை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவுமையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் சென்றதால் 2025இன் இறுதி மாதங்களில் அதன் விலை கடுமையாக ஏறியது. ஏஎம்4 பலகையும் டிடிஆர்4 நினைவகமும் கையிலிருப்பவர், சில்லை மட்டும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கு கரு இன்டெல் வைத்திருப்பவர் முதலில் புள்ளியளவைக் குறைத்துப் பார்க்கட்டும். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.